பச்சைச் சாறும் "உயிர்நீரும்" வன்னியைக் காக்குமா?

வன்னி நாட்டின் கிணற்று நீரைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். அமைச்சர்கள் பேசுகின்றனர், ஆராய்ச்சியாளர் பேசுகின்றனர், போத்தலில் நீரடைத்து விற்போர் பேசுகின்றனர். இப்பொழுது இன்னுமொரு கூட்டத்தாரும் இப்பேச்சிற் புகுந்திருக்கின்றனர். கைத்தொலைபேசிக் காணொளிகளின் வாயிலாக, தமிழகத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் இவர்களது குரல், வன்னிக் கமக்காரனின் குடிசைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அடுப்பேற்றிய உணவு செத்த உணவாம், காய்ச்சிய நீர் செத்த நீராம், குளோரீன் நஞ்சாம், வைத்தியசாலை மருந்து அதனினும் பெரிய நஞ்சாம். பச்சைக் காய்கனிகளையும் இலைச்சாற்றையும் மட்டுமே உண்டு, "உயிருள்ள" நீரைப் பருகிவந்தால், பழுதுபட்ட சிறுநீரகமும் புத்துயிர் பெற்றுவிடுமாம். இதுவே இவர்களது உபதேசம்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. கொழும்பு நகரத்துச் செல்வர் ஒருவர், உடலில் யாதொரு நோயுமின்றி, காலைதோறும் ஒரு குவளை இலைச்சாறு பருகுவாராயின் அதனால் நாட்டுக்கு நட்டம் எதுவுமில்லை. நாமும் அதைப்பற்றி ஒரு வரியேனும் எழுதமாட்டோம். ஆனால் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும், சிறுநீரக நோயினால் உழைப்பாளியை இழந்து நிற்கும் வீடுகள் உள்ள கிராமங்களிலே இவ்வுபதேசம் பரவும்போது, அது ஒருவரது சொந்த விருப்பம் என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. அங்கே அது உயிரோடு விளையாடும் விளையாட்டாகிறது. ஆகவேதான் எழுதுகிறோம்.

வன்னியைப் பிடித்த நோய்

1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். சிறுநீரகம் கெடுவதற்கு உலகெங்கும் பெரும்பாலும் காரணமாகக் கூறப்படுவன நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே. ஆனால் பதவியா, மதவாச்சி, கெப்பித்திகொல்லாவை முதலிய பகுதிகளிலிருந்து வந்த நோயாளருள் பலருக்கு இவ்விரண்டுமே இருக்கவில்லை. வயலில் உழைக்கும் நடுவயதினர் அவர்கள். நோய் ஓசையின்றி வளர்ந்து, சிறுநீரகம் பெரும்பாலும் அழிந்தபின்னரே தன்னை வெளிக்காட்டிற்று. காரணம் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயரிட்டனர். மாகாண எல்லைக்கோடு மனிதர் கீறியது. நிலத்தடி நீர் அதனை அறியாது. வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவு மாவட்டத்திலும் அந்நோய் காணப்பட்டது.

இந்நோய் எமக்கு மட்டும் உரியதுமன்று. நிக்கராகுவா, எல்சல்வடோர் ஆகிய நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும், ஆந்திரப் பிரதேசத்தின் சிறீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதனை ஒத்த நோய் மனிதரைக் கொன்றுவருகிறது. அவ்விடங்களையெல்லாம் ஒப்புநோக்கும் ஆராய்ச்சியாளர் பல காரணங்களை ஐயுறுகின்றனர்: நீரின் வன்மையும் அதிலுள்ள புளோரைட்டும் சேர்ந்து செய்யும் கேடு, கொளுத்தும் வெயிலில் போதிய நீரின்றி உழைப்பதால் உடல் வற்றுதல், களைநாசினி, கிருமிநாசினி, கடுமியம் போன்ற உலோகங்கள், எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள். உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வுங்கூட ஒரே காரணத்தைச் சுட்டி முடிவு கட்டவில்லை. எனினும் ஓர் உண்மை பலமுறை கவனிக்கப்பட்டிருக்கிறது. நோயுள்ள பகுதிக்குள்ளேயே இயற்கை ஊற்று நீரைப் பருகுவோரிடம் நோய் குறைவு. ஆழங்குறைந்த கிணறுகளின் வன்னீரைப் பருகுவோரிடம் அதிகம்.

இந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டே பச்சையுணவுப் பிரசாரகரிடம் கேட்கிறோம். சமைத்த சோறுதான் சிறுநீரகத்தை அழிக்கிறதென்றால், மூன்று வேளையும் அடுப்பேற்றியதை உண்ணும் யாழ்ப்பாணத்தில் இந்நோய் ஏன் இந்த அளவிற்கு இல்லை? ஒரே ஊரில், ஒரே அரிசிச் சோற்றை உண்ணும் இரு வீட்டாருள், ஊற்று நீர் பருகுபவன் தப்புவதும் கிணற்று நீர் பருகுபவன் வீழ்வதும் எங்ஙனம்? நிக்கராகுவாக் கரும்புத் தொழிலாளி ஏன் சாகிறான்? விடை கூற அவர்களால் இயலுமா?

நோயாளிக்கு நஞ்சாகும் அமுது

சிறுநீரகத்தின் தொழில் யாதென்பதைச் சற்றுச் சிந்திப்போம். உண்ட உணவிலிருந்து வரும் வேண்டாத உப்புகளையும் கழிவுகளையும் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து வெளியேற்றுவதே அதன் தொழில். அவ்வுப்புகளுள் ஒன்று பொற்றாசியம். காய்கனிகளிலும் கீரைகளிலும் இளநீரிலும் அது நிறைய உண்டு. சுகதேகிக்கு அதனால் நன்மையே. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவனின் இரத்தத்தில் பொற்றாசியம் தேங்கி நின்றுவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். அதனாலன்றோ வைத்தியர்கள், சிறுநீரக நோய் முற்றியவர்களை நோக்கி, "மரக்கறியைச் சிறிதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு உண்ணுங்கள்" என்கின்றனர்! அவிப்பதால் பொற்றாசியத்தின் ஒரு பகுதி நீரிற் கரைந்து வெளியேறுகிறது. அடுப்பும் பானையுமே அந்நோயாளிக்கு மருந்தாக நிற்கின்றன. அந்த அடுப்பைத்தான் அணைத்துவிடு என்று உபதேசிக்கின்றனர் எமது புதிய குருமார்.

இன்னுங் கேளுங்கள். காமரங்காய் என நாம் அழைக்கும் நட்சத்திரப் பழத்தைச் சாறாக்கிக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரைப் பற்றி இலங்கை வைத்தியர்களே மருத்துவ இதழ்களில் எழுதியுள்ளனர். அப்பழத்தில் ஒட்சலேற்று என்ற பொருள் மிகுதி; சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அது பளிங்காகப் படிந்து அடைத்துவிடும். நரம்புகளைத் தாக்கும் நஞ்சொன்றும் அதிலுண்டென்பதைப் பிறேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013இல் எடுத்துக்காட்டினர். சிறுநீரக நோயாளி ஒருவர் அதனை உண்டால் விக்கல் தொடங்கி, மனம் குழம்பி, வலிப்புக் கண்டு, உயிரே போகவும் கூடும். பச்சைக் கீரைச் சாறு பருகி, அதே ஒட்சலேற்றினால் சிறுநீரகம் கெட்டவரைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழொன்று 2018இல் எழுதிற்று.

"இயற்கையானது எப்படித் தீமை செய்யும்?" என்று இவர்கள் கேட்கின்றனர். அலரி விதை இயற்கையானதே. நாகபாம்பின் நஞ்சும் இயற்கையானதே. வன்னிக் காட்டின் ஓரத்தில் வாழும் எமது மக்களுக்கு இதனை நாம் போதிக்கவேண்டியதில்லை.

பாட்டிமார் அறிந்த அறிவு

இக்கூட்டத்தார் எமது முன்னோரின் பெயரைச் சொல்லியே கடை விரிக்கின்றனர். அம்முன்னோர் செய்ததுதான் என்ன?

மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்ச காலத்திலும் போர்க் காலத்திலும் வன்னியின் வயிற்றை நிரப்பியது அதுவே. அதற்குள்ளே சயனைட்டு நஞ்சை வெளிவிடும் பொருளுண்டு. எமது பாட்டிமார் இரசாயன நூல் கற்றவர்களல்லர்; ஆயினும் தோலை உரித்து, தண்ணீரில் இட்டு, பானையின் வாயை மூடாது அவித்து, நீரை வடித்துவிட்டே பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை இறுத்து, அதன் பின்னரே பிட்டாக அவித்தனர், கூழாகக் காய்ச்சினர். நீரைக் காய்ச்சிச் சுருக்கிப் பருகுவதே நோயைத் தடுக்கும் வழியென எமது சித்த மருத்துவ மரபு நெடுங்காலமாகக் கூறிவருகிறது. காய்ச்சிய நீரைச் செத்த நீரென்று பழிப்பவர், சித்தர்களின் பெயரை உச்சரிக்கவும் உரிமையற்றவர்.

பச்சையுணவைச் சோதித்துப் பார்த்த பெரியார் ஒருவரும் உண்டு. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து மக்களிடையே உரையாற்றிச் சென்ற காந்தியடிகளே அவர். இரண்டாண்டுகளின் பின், 1929இல், அடுப்பேற்றாத உணவைத் தாமும் ஆச்சிரமத்தார் சிலரும் உண்டு பார்த்தனர். முளைகட்டிய தானியத்தையும் பச்சை மரக்கறியையும் உண்டுவந்த அடிகளுக்குச் சில வாரங்களில் வயிற்றளைச்சல் கண்டது, சோதனையைக் கைவிட்டார். கைவிட்ட செய்தியையும் மறைக்காமல் தமது பத்திரிகையிலேயே எழுதினார். சோதனை செய்வதில் தவறில்லை. தோற்றால் தோற்றதென்று சொல்லும் நேர்மை வேண்டும். இன்றைய குருமார் யாராவது, தம் சொற்கேட்டு நோய் முற்றியவரின் கணக்கை வெளியிட்டதுண்டா? குணமடைந்ததாகக் கூறுபவரை மட்டும் மேடையேற்றுகின்றனர். குணமடையாதவர் மேடைக்கு வர முடியாத இடத்திற்குச் சென்றுவிட்டார்.

தண்ணீரைப் பற்றிய தந்திரம்

இனித் தண்ணீரைப் பற்றி இவர்கள் கூறுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறுப்போம்.

காய்ச்சிய நீர் உயிரற்றது என்கின்றனர். உண்மைதான், அதிலுள்ள கிருமிகளின் உயிர் போய்விட்டது. அதற்காகவே காய்ச்சுகிறோம். 2009இல் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் எமது மக்கள் இலட்சக் கணக்கில் முட்கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, செங்கண்மாரி அங்கே பரவியதை நாம் மறந்துவிட்டோமா? மலம் கலந்த நீரினாலும் உணவினாலும் தொற்றும் நோய் அது. கொதிநீரில் அக்கிருமி மாண்டுபோகும். நெருப்புக் காய்ச்சற் கிருமியும் வயிற்றோட்டக் கிருமிகளும் அவ்வாறே. ஆனால் முழு உண்மையையும் கூறுவது எமது கடமை. காய்ச்சுவதால் கிருமி சாகுமேயன்றிப் புளோரைட்டு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கேத்தலின் அடியில் வெண்கல்லாகப் படிவது வன்மையின் ஒரு பகுதி மட்டுமே.

காரநீர் பருகினால் உடலின் அமிலம் நீங்கி நோய் தீரும் என்கின்றனர்; அதற்கென இயந்திரங்களும் விற்கப்படுகின்றன. வயிற்றிற் சுரக்கும் கடும் அமிலத்தில் வீழ்ந்தவுடனேயே அந்நீரின் காரம் அடங்கிப்போகும். இரத்தத்தின் காரத் தன்மை 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமுமே காத்துவருகின்றன. சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் அமிலம் தேங்குவது உண்மை. அதற்கு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, அளவிட்டு, சோடா உப்பு மாத்திரை கொடுக்கின்றனர். அரை உண்மையை எடுத்து முழுப் பொய்யாக்கி விற்பது என்பது இதுதான். வவுனியாக் கிணற்று நீர் பெரும்பாலும் இயல்பாகவே காரத் தன்மை கொண்டது. சுண்ணமும் பைகாபனேற்றும் நிறைந்தது. காரநீர் சிறுநீரகத்தைக் காக்குமாயின், இம்மண்ணில் அன்றோ அந்நோய் தலைகாட்டாமல் இருந்திருக்கவேண்டும்?

செப்புக் குடத்தில் நீரை வைத்தால் போதும் என்கின்றனர். செப்பில் பல மணிநேரம் நிற்கும் நீரில் கிருமிகள் குறைவது ஆய்வுகளிற் கண்ட செய்தியே. தேத்தாங்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கல் நீரைத் தெளிவிக்கும் என்பதும் உண்மையே. எம்மவர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஆனால் தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் புளோரைட்டு நிறைந்திருக்கலாம். நாவுக்கும் கண்ணுக்கும் அது புலப்படாது. இலங்கை நியமம் ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராம் புளோரைட்டுக்கு மேல் இருத்தலாகாது என்கிறது. அந்த ஒரு மில்லிகிராமை அறிவிப்பது ஆய்வுகூடம் ஒன்றே. பிள்ளைகளின் பல்லிற் படியும் காவி நிறமே கண்ணாற் காணக்கூடிய அறிகுறி. அது தோன்றும்போது காலம் கடந்திருக்கும்.

வடிகட்டும் இயந்திரத்தில் வந்த நீரில் சத்தில்லை என்கின்றனர். மென்சவ்வு வழியாக நீரைச் செலுத்தும் இயந்திரம் புளோரைட்டையும் வன்மையையும் அகற்றும்போது, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே அகற்றுகிறது. அது மெய். ஆனால் மனிதன் அச்சத்துகளைப் பெரும்பாலும் உணவிலிருந்தே பெறுகிறான். பாலும் சிறுமீனும் குரக்கனும் கீரையும் அதற்குண்டு. இயந்திரத்தின் உண்மையான குறை வேறு: மென்சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அது பெயருக்கு மட்டும் இயந்திரமாக நிற்கும், அது கழித்து ஊற்றும் உப்பு நீர் கவனமின்றி விடப்பட்டால் அயல் நிலத்தைக் கெடுக்கும். இவற்றைப் பேசும் குருமார் எவரையும் காணோம்.

நாளொன்றுக்கு நான்கு, ஐந்து லீற்றர் பருகிச் சிறுநீரகத்தைக் "கழுவு" என்கின்றனர். வெயிலில் நாற்று நடுபவருக்கும் அருவி வெட்டுபவருக்கும் நிறைய நீர் வேண்டும். அதனை நாமும் வற்புறுத்துகிறோம். ஆனால் சிறுநீர் பிரிவது குறைந்துபோன நோயாளிக்கு அதே அறிவுரை காலனின் அழைப்பு. வெளியேற வழியற்ற நீர் காலில் வீங்கி, நெஞ்சில் நிறைந்து, மூச்சை அடைத்துவிடும். ஒரே சொல் ஒருவனுக்கு மருந்தாகவும் மற்றவனுக்கு நஞ்சாகவும் இருக்கையில், ஆளையே காணாது ஆயிரவருக்கு ஒரே மருந்தைக் கூறுபவன் வைத்தியனாவது எப்படி?

நம்பிக்கை இழந்தது யாரால்?

இத்தகைய பேச்சுகளை எமது மக்கள் ஏன் நம்புகின்றனர்? அறியாமையினால் என்று கூறி, படித்தவர் சிலர் கைகழுவிவிடுகின்றனர். இதனை நாம் ஒப்புக்கொள்ளோம். நம்பத்தக்கவர் நம்பத்தக்க முறையில் நடவாதபோது, மக்கள் கிடைத்தவரை நம்புகின்றனர். மக்களைக் குறைகூறுமுன் ஆட்சியாளரின் ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

2011இல், களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர் சிறுநீரக நோய்க்கு ஆசனிக்கே காரணமென்றனர். அது தமக்குத் தெய்வ வாக்கினால் உணர்த்தப்பட்டதென்றும் அவர்களுள் கூறப்பட்டது. 2014இல் கிளைபோசேற்று என்ற களைநாசினியே காரணமாகலாம் என்று ஒரு கருதுகோட் கட்டுரை வெளிவந்தது. அக்கருதுகோள் கிணற்றடியில் நிறுவப்படுமுன்னரே, 2015இல் நாடு முழுவதும் அதற்குத் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. பெருந்தோட்டத்தார் கேட்டனர், பெற்றனர். நெல் விளைவிக்கும் கமக்காரனின் குரல் அன்று எடுபடவில்லை.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காளி தேவி அருளியதென்று கூறிய பாணியைக் கொரோனாவுக்கு மருந்தாக விநியோகித்தபோது, நாட்டின் சுகாதார அமைச்சரே பலர் காண அதனைப் பருகினார். அடுத்த மாதமே அவருக்கு அந்நோய் தொற்றியது. 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் நிறுத்தப்பட்டது. அதற்கு அன்றைய ஜனாதிபதி எடுத்துக்காட்டிய நியாயங்களுள் ஒன்று இந்தச் சிறுநீரக நோய். நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் காலபோகம் அழிந்தது அழிந்ததுதான். இரணைமடுவின் கீழும், முத்தையன்கட்டின் கீழும், வவுனிக்குளத்தின் கீழும் கடன்பட்டு விதைத்த எமது கமக்காரர் அதன் பலனை வெறும் பட்டடைகளிற் கண்டனர். அந்த அழிவினால் ஒரு கிணறேனும் தூய்மையானதா? ஒரு நோயாளியேனும் எழுந்து நடந்தானா?

ஆகவே, அரியணையில் இருந்தோருக்கும் காணொளியில் வரும் குருவுக்கும் வேறுபாடு பெரிதில்லை. இருவரும் அளந்து பார்க்குமுன் அறிவித்தனர். அறிவித்தபின் அளக்க மறுத்தனர். போதாக்குறைக்கு, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, அது நஞ்சா அல்லவா என்பதைப் பற்றி அதிகாரிகள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசி மக்களை அலைக்கழித்தனர். 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டுக்கு ஆணையிடும்வரை அம்மக்கள் போராடவேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் கண்ட ஒருவன், அரசாங்கத்துத் தண்ணீர் அறிக்கையை நம்பாவிட்டால் அவனை யார் குறைகூற முடியும்?

ஆனால் ஏமாற்றியவர் ஒருவர் என்பதற்காக, இன்னொரு ஏமாற்றுக்காரரிடம் கழுத்தை நீட்டுவது தீர்வாகாது.

யாருக்கு இலாபம்?

இப்பச்சையுணவுப் பிரசாரத்தின் ஆழ்ந்த கேடு ஒன்றுண்டு. அதனைப் பலரும் காண்பதில்லை. நோய் உன் உணவினால் வந்தது, உன் அடுப்பினால் வந்தது, உன் நாவின் ஆசையினால் வந்தது என்று இவர்கள் கூறும்போது, குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவன் நோயாளி. குழாய் நீர் தராத ஆட்சி அதிலிருந்து இறங்கிச் சென்றுவிடுகிறது. கிணற்றைச் சோதியாத திணைக்களம் இறங்கிச் சென்றுவிடுகிறது. இரத்தச் சுத்திகரிப்புக்காக நோயாளி ஒருவர் நெடுந்தூரம் பஸ்ஸில் அலைவதைக் கண்டும் காணாதிருக்கும் அமைச்சும் இறங்கிச் சென்றுவிடுகிறது. பொதுக் கடமை தனிமனித ஒழுக்கமாக மாற்றப்படுகிறது. தூய குடிநீர் பெறுவது மக்களின் உரிமை என்று முழங்கவேண்டிய வாய்கள், இலைச்சாறு குடித்து அடங்கிவிடுகின்றன. ஆளுவோருக்கு இதைவிட வாய்ப்பான மதம் வேறேது?

வன்னியின் வரலாறு இதற்கு மாறான பாடத்தையே கற்பிக்கிறது. ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலே வன்னியைக் காடாக்கி வைத்திருந்தது. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் அக்காய்ச்சல் இலங்கை முழுவதையும் உலுக்கிற்று. அதனை விரட்டியது எது? நுளம்பு எங்கே முட்டையிடுகிறதென்று தேடிச் சென்ற கண்கள். வீடு வீடாக மருந்தடித்த கைகள். குருதியைக் கண்ணாடியில் தடவி நுணுக்குக்காட்டியிற் பார்த்த பொறுமை. போரின் நடுவிலும் அப்பணி முற்றாக நின்றுவிடவில்லை. 2012க்குப் பின் உள்நாட்டில் தோன்றிய மலேரியா இல்லாமற்போக, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. பச்சை உணவும் உயிர்நீரும் இதனைச் சாதிக்கவில்லை. அளத்தலும், அறிதலும், அறிந்தபடி ஊரோடு சேர்ந்து இடையறாது உழைத்தலுமே சாதித்தன.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததையும் நினைவுகூர்வோம். வெள்ளம் வடிந்த நிலத்தில் கால்வைத்தவரை அது பற்றிற்று. காலத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவருக்கு மருந்துண்டு. காய்ச்சலை "உடல் தன்னைத்தான் சுத்திகரிக்கிறது" என்று நம்பிப் படுத்திருப்பவருக்குச் சிறுநீரகமும் போய் உயிரும் போகும். வெள்ளத்திற்குப் பின் கிணற்றை இறைத்துக் குளோரீன் இடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நஞ்சிட வந்தவர்போல் பார்க்கச் சொல்லும் உபதேசம், மக்களின் நண்பர் செய்யும் உபதேசமா?

நாம் கேட்பது

எமது கோரிக்கைகள் மறைபொருளானவையல்ல.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மக்கள் குடிக்கும் ஒவ்வொரு கிணற்றின் நீரும், ஒவ்வொரு குழாய்க்கிணற்றின் நீரும் சோதிக்கப்படல் வேண்டும். வன்மை, புளோரைட்டு, நைத்திரேற்று, கிருமி ஆகிய நான்கின் அளவும் மக்களுக்கு விளங்கும் தமிழில் அக்கிணற்றடியிலேயே பலகையில் எழுதி வைக்கப்படல் வேண்டும். "குடிக்கலாம்", "காய்ச்சிக் குடிக்கலாம்", "குடிக்கலாகாது" என்ற மூன்று சொற்களுள் ஒன்றைப் பெறுவதற்கு எமது மக்களுக்கு உரிமையில்லையா? மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் நூல்களையும் அச்சிட்டார். இன்று கிணற்றின் நிலையைத் தமிழில் அறிவிக்க இயலாதென்று எவரும் சாக்குக் கூறமுடியாது.

குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கிராமங்களுக்குக் கொண்டுவரல் வேண்டும். அதுவரை வடிகட்டும் நிலையங்கள் இயங்கட்டும். ஆனால் அவற்றின் மென்சவ்வு எப்பொழுது மாற்றப்பட்டது, நீர் எப்பொழுது சோதிக்கப்பட்டது என்பது வாசலில் எழுதப்படட்டும். பவுசர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கும் வாழ்வு எமது பெண்களுக்கு இனியும் வேண்டாம்.

நோயுள்ள கிராமங்களில் வளர்ந்தோர் யாவருக்கும் ஆண்டுதோறும் சிறுநீரும் குருதியும் சோதிக்கப்படல் வேண்டும். தொடக்கத்தில் நோவு காட்டாத நோய் இது. காலத்தோடு கண்டால் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, நீரை மாற்றி, நோயின் நடையைத் தாமதிக்கலாம். பொலன்னறுவையில் 2021இல் சீன உதவியுடன் சிறுநீரக வைத்தியசாலை திறக்கப்பட்டது, அதனை வரவேற்கிறோம். ஆனால் முல்லைத்தீவின் உட்கிராமத்து நோயாளிக்குத் தன் மாவட்டத்திலேயே சிகிச்சை வேண்டும்.

எமது சித்த வைத்தியர்களையும் வேண்டுகிறோம். உங்கள் மரபின் பெயரால் பிறர் செய்யும் வாணிகத்தைக் கண்டு மௌனம் சாதிக்காதீர்கள். சிறுநீரக நோயாளி ஒருவர் உங்களிடம் வந்தால், அவர் எத்தகைய சாற்றைப் பருகலாகாது என்பதை முதலிற் கூறுங்கள்.

எமது வாசகர்களுக்கும் ஒரு கடமையுண்டு. இனி எவரேனும் உங்கள் ஊருக்கு வந்து உயிர்நீரைப் பற்றியோ பச்சையுணவைப் பற்றியோ பேசினால், நான்கு வினாக்களை அவர்முன் வையுங்கள். எங்கள் ஊர்க் கிணற்றின் புளோரைட்டு எவ்வளவென்று அறிந்தா பேசுகிறீர்? உமது முறையைக் கைக்கொண்டவர் எத்தனைபேர், அவர்களில் குணமடைந்தவர் எத்தனைபேர், இறந்தவர் எத்தனைபேர்? அந்தக் கணக்கை எடுத்தவர் யார்? உமது சொற்கேட்டு மருந்தை நிறுத்தியவர் மூச்சடைத்துக் கிடக்கும் இரவில், அவரது படுக்கையருகே நீர் நிற்பீரா? இந்நான்குக்கும் விடையளிப்பவர் இருந்தால் அவரை நாமும் வணங்குவோம். விடையளிக்க மாட்டாதவரைத் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள். நன்றாகக் கொதித்த நீரில் ஊற்றிய தேநீராக அது இருக்கட்டும்!

இதே வினாக்களைச் சிறிது மாற்றி, வாக்குக் கேட்டு வருவோரிடமும் கேளுங்கள். எங்கள் கிணற்றைச் சோதித்தீரா? சோதித்ததை எங்களுக்கு அறிவித்தீரா? குழாய் எப்பொழுது வரும்? தேர்தல் மேடையில் உரிமை பேசுவோர், குடிநீரும் அவ்வுரிமையுள் அடங்கும் என்பதை உணர்ந்தாகவேண்டும். ஓர் இனம் தன் மண்ணைக் காப்பதென்பது அம்மண்ணின் கீழுள்ள நீரையும், அந்நீரைப் பருகும் மனிதரையும் காப்பதேயாகும். காட்டை வெட்டிக் கழனியாக்கி, போரில் அனைத்தையும் இழந்து, மீண்டும் வந்து அதே மண்ணில் குடிசை கட்டிய மக்கள் எமது வன்னி மக்கள். அவர்களுக்கு வேண்டியது அளந்து அறிந்த தூய நீர். அதனைப் பெறும்வரை எமது பேனா ஓயாது.